அந்த ‘கில்லர் செல்’ பேச்சை விட்டுவிடுங்கள்

கருத்தரிப்பு மையத்தின் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் ஃபைல் உங்களிடம் இருக்கிறது. மூன்று கருவும் எத்தனையாவது வாரத்தில் கலைந்தன என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அதில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றாவதும் போன பிறகு ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, “உங்கள் கில்லர் செல்கள் அதிகம், அவைதான் கருவைத் தாக்குகின்றன” என்றீர்கள். அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொன்றது நானா? இந்த மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவள் நான். அதற்கப்புறம் ஒரு வருடம், எழுதிக் காட்ட வரும் பிள்ளையின் தலையைக்கூடத் தொடவில்லை.

அப்புறம், அந்தச் செல்களை அடக்க என்று நீங்கள் ஏற்றிய அந்த டிரிப். பால் போல வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவின் கொழுப்பும் சேர்ந்தது என்று பிறகு படித்தேன். நான் அப்போது காவடி விரதத்தில் இருந்தேன். பால்குடம் எடுக்கப்போகிறவளிடம் முட்டை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முருகன் மன்னித்துக்கொள்வார், நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கருவுற்ற தொடக்க வாரங்களில் கருப்பை உட்சுவரில் உள்ள நோயெதிர்ப்புச் செல்களில் ஏறக்குறைய 70 சதவீதம், நீங்கள் கில்லர் செல் என்ற இந்த என்.கே. (நேச்சுரல் கில்லர்) செல்கள்தானாம். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போகத் தாயின் ரத்தக் குழாய்கள் விரிவதற்கு அவை உதவுகின்றன. ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றதால் ‘கில்லர்’ என்று 1970களில் வைத்த பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையில் எடுத்த ரத்தத்தில் இருப்பவை வேறு வகை. அவற்றை எண்ணிக் கருப்பையின் கதையைச் சொல்ல முடியாது. இந்தப் பரிசோதனைக்கும் அந்த டிரிப்புக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி 2017-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா?

நோயெதிர்ப்புக் கோளாறால் கரு கலைவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரத்தம் எளிதில் உறைந்துபோகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. 12 வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் பார்த்து உறுதி செய்தால், ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுக்கலாம். எனக்கு அதை யாரும் பார்க்கவில்லை. அதில் டிரிப் அளவுக்குக் காசு இல்லை போலும்.

அறிக்கை ஆங்கிலத்தில், பில் பிரெஞ்சில், ஆறுதல் மட்டும் கிரியோலில். நம் ஊரில் எல்லாமே இப்படித்தான். சரி, அதை விடுங்கள்.

தயவுசெய்து அந்தப் பரிசோதனையை நிறுத்துங்கள். அதுவரை, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணிடமும் ‘உங்கள் செல்லே கொல்கிறது’ என்று சொல்லாதீர்கள்.

என் ஃபைலின் நகல் ஒன்று வேண்டும். வரவேற்பில் கொடுத்து வைத்தால், வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் தமிழாசிரியை ஒருத்தி