சிந்தியது என்னவென்று தெரியாமல் துடைக்க அனுப்பாதீர்கள்

திருப்பூர் சாய ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்றவர்களின் ஆலைகளில் டையிங் மாஸ்டராக இருந்தே தலை நரைத்தவன் நான். சங்கக் கூட்டங்களில் நூல் விலை பேசுகிறீர்கள், மின்கட்டணம் பேசுகிறீர்கள். அங்கே பேசப்படாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

கெமிக்கல் ஸ்டோரில் ஒரு கேன் சாய்ந்து தரையில் ஏதோ ஓடுகிறது என்று வையுங்கள். சூப்பர்வைசர் ஒரு சத்தம் போடுவார். பக்கத்தில் நிற்கிற ஹெல்பர் பையன் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவான், காலில் ரப்பர் செருப்போடு. இன்னொருவன் ஹோஸைத் திறந்துவிடுவான். என்ன சிந்தியது என்று அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்கிற பழக்கத்தை உண்டாக்க உங்களால்தான் முடியும்.

நம் ஸ்டோரில் எப்போதும் இருக்கிற இரண்டு சரக்குகளையே எடுத்துக்கொள்வோம். பிளீச்சிங்குக்கு வாங்கும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சிந்தினால் தண்ணீரைத் தாராளமாக விட்டு நீர்க்கச் செய்ய வேண்டும். பனியன் வேஸ்ட், சாக்கு, மரத்தூள் எதுவும் அதன்மேல் படக்கூடாது. ஊறிய துணி சற்று நேரம் கழித்துத் தானாகவே தீப்பிடிக்கலாம். ஸ்ட்ரிப்பிங்குக்கும் (ஏறிய சாயத்தை எடுக்க) பாலியெஸ்டர் கழுவவும் வைத்திருக்கும் ஹைட்ரோஸ், அதாவது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், இதற்கு நேர்மாறு. அந்த வெள்ளைத் தூளில் கொஞ்சம் ஈரம் பட்டாலே உள்ளுக்குள் சூடேறி, சல்பர் டையாக்சைடைக் கக்கி, எரியத் தொடங்கும். காய்ந்த முறத்தால் காய்ந்த டின்னில் அள்ளி, மழை படாத திறந்த இடத்தில் தனியாக வைக்க வேண்டும். மிச்சம்தானே என்று பழைய டிரம்மிலேயே கொட்டக்கூடாது. ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும், மற்றதற்குத் தண்ணீரே ஆகாது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தாலோ பெரிய விபரீதம். ஆனாலும் பல ஸ்டோர்களில் இவை ஒரே சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு மழைக்காலத்தில் இது நடந்தது. தகரக் கூரை ஒழுகி, மூடி சரியாக மூடாத ஹைட்ரோஸ் டிரம்முக்குள் சொட்டு விழுந்திருக்கிறது. கந்தகம் எரிகிற நெடி, தீக்குச்சி உரசியது போல, முதலில் லேசாகத்தான் வந்தது. பிறகு டிரம்மின் வாயிலிருந்து வெள்ளைப் புகை. "தண்ணி ஊத்துங்கடா" என்று யாரோ கத்த, ஒரு பையன் அரை பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டான். புகை அப்படியே அவன் முகத்தில் எழுந்தது. இருமி இருமி அவன் சுருண்டு விழுந்ததை நான் பார்த்தேன். உயிர் தப்பினான், ஆனால் பல நாள் மூச்சு இழுத்தது. அவன் செய்தது அவனுக்கு நல்லதாகவே பட்டது. அந்தத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடையாளம் தெரியாமல் போவதற்குப் பெரிய காரணம் கேன்தான். பெரிய பேரலிலிருந்து குடிதண்ணீர் கேனிலும் பழைய எண்ணெய் டின்னிலும் ஊற்றி மெஷினுக்கு எடுத்துப் போகிறார்கள். காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்), பெராக்சைடு, அசிட்டிக் ஆசிட் மூன்றும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். விரலால் தொட்டு, வழுவழு என்றால் காஸ்டிக் என்று சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். அந்த வழுவழுப்பு, தோலே கரைவதால் வருவது. மோந்து பார்ப்பதும் அப்படித்தான். பிளீச்சிங் ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிட்டும் கலந்தால் குளோரின் வரும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், வாய்க்காலிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். அதை மோந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் நுரையீரல் வெந்துவிடும்.

சல்ஃபர் பிளாக் என்ற கறுப்புச் சாயம் ஓட்டும் ஆலைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவில் ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று தொட்டிக்குள் இறங்குபவர் அங்கேயே விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று சாவு கூடும். காற்றைச் சோதிக்காமல், வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்காமல், காற்று சிலிண்டரோடு கூடிய தனிச் சுவாசக் கருவி இல்லாமல் உங்கள் கழிவுத் தொட்டியில் ஒருவரும் இறங்கக்கூடாது. உள்ளே விழுந்துகிடப்பவரைக் காப்பாற்றப் போகிறவருக்கும் இதேதான். சொல்லவே மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

1984 போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான வேலைகளில் உள்ள ஆபத்தைத் தொழிலாளிக்குத் தெரிவிப்பதை நிர்வாகத்தின் கடமை ஆக்கினார்கள். அபாய ரசாயனம் உள்ள ஒவ்வொரு கலனிலும் உள்ளே இருப்பது என்ன என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது 1989 விதி. ஒரு ரசாயனத்தின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாள் நம் ஆலைகளில் இல்லாமல் இல்லை. ஆபீஸ் ஃபைலில், ஆங்கிலத்தில், ஆடிட்டருக்காக இருக்கிறது. இரவு ஷிப்டில் கேன் தூக்குபவர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் செத்தார்களே, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநிலத்துப் பிள்ளைகள்தான் அவர்களில் பெரும்பாலானோர். தமிழ், இந்தி, ஒடியா என்று மூன்று மொழியில், படத்தோடு, கேன் மேலேயே ஒட்டுங்கள். ஒரு நாள் பிரிண்டிங் வேலைதான் அது.

இனிமேல் எது சிந்தினாலும் முதல் உத்தரவு 'துடை' என்று இருக்க வேண்டாம். தள்ளி நில், மற்றவர்களைத் தள்ளு, குரல் கொடு, பெயரைப் பார். புகையோ நெடியோ இருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, மேடான இடத்துக்கு நட. சுத்தம் செய்ய ஷிப்டுக்கு இரண்டு பேரைப் பழக்குங்கள். கம்பூட்ஸ், ரசாயனம் தாங்கும் கையுறை, கண்ணாடி, ஏப்ரன் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பூட்டிய அலமாரியில் வேண்டாம். காய்ந்த மணல் ஒரு தொட்டி வையுங்கள். ஆசிட் கொட்டினால் தூவ சோடா ஆஷ் நம்மிடமே மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நுரை அடங்க அடங்கத் தூவ வேண்டும். காஸ்டிக்கை அலுமினியச் சட்டியில் அள்ளவிடாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பும். பெராக்சைடு பேரல் உப்பியிருந்தால் யாரும் கிட்டே போக வேண்டாம்.

கண் கழுவும் குழாய் ஸ்டோருக்கு உள்ளேயே, பத்தடி தூரத்தில் வேண்டும். காஸ்டிக் கண்ணுக்குள் போனால் எண்ணெய், எலுமிச்சை, டூத்பேஸ்ட் எதுவும் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீர். அதன் பிறகுதான் 108 வண்டியில் ஆஸ்பத்திரி, கேன் லேபிளோடு.

சாக்கடையில் அடித்துவிட்டால் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நம் ஆலைகளை மூடச் சொன்ன நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்காகக் கோடிகளைக் கொட்டிச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்தீர்கள். ஒரு பேரல் ஹைப்போ மொத்தமாக அங்கே போய்ச் சேர்ந்தால் பயலாஜிகல் டேங்கில் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் பாக்டீரியா செத்து, பிளான்ட் பழையபடி தேறப் பல நாளாகும். அந்தச் செலவில் ஒவ்வொரு ஸ்டோருக்கும் ஒரு கண் கழுவும் குழாயும், சிந்தியது வெளியே ஓடாமல் நிறுத்தும் தடுப்புத் திட்டும் கட்டிவிடலாம்.

கடைசியாக ஒன்று. சிந்திவிட்டது என்று ஓடி வந்து சொல்கிறவனுக்குச் சம்பளத்தில் பிடிப்பதை இந்த மாதமே நிறுத்துங்கள். சரக்கின் விலையைப் பிடிப்பீர்கள் என்ற பயத்தில்தான் பையன்கள் ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாமல் வெறுங்கையால் துடைக்கிறார்கள். சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று ஸ்டோர் வாசலில் அவர்கள் மொழியில் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டையிங் மாஸ்டர்,
திருப்பூர்