புகார் கடிதம்: விலக்குப் பட்டியலை மதிக்காத ஆன்டிவைரஸ்

அனுப்புநர்:
கணினிப் பிரிவு (வணிக உரிமம் பெற்ற வாடிக்கையாளர்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆன்டிவைரஸால் அலுவலக மென்பொருள்கள் வேகம் குறைவது, விலக்குப் பட்டியல் (சோதிக்க வேண்டாம் என்று நாங்கள் குறித்தவற்றின் பட்டியல்) அப்டேட்டில் அழிந்துபோவது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆன்டிவைரஸின் புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து எங்கள் கணக்கு மென்பொருளும் புரோகிராமர்களின் பில்டும் (எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் வேலை) இழுத்துக்கொண்டே இருக்கின்றன. உதவி மையத்தில் கேட்டால், "வேலை முடியும்வரை பாதுகாப்பை ஆஃப் செய்து வையுங்கள்" என்கிறார்கள். பாதுகாப்புக்காகச் சந்தா கட்டுகிறவர்களிடம் சொல்கிற பதிலா இது? கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைய அந்த இடைவெளியே போதும்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு அளவு குறைவாக இருப்பதைக் காட்டி, "கணினியில் குறையே இல்லை" என்றும் சொன்னார்கள். தாமதம் சிபியுவில் இல்லை, கோப்பைத் திறக்கும் இடத்தில் இருக்கிறது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று காட்டும் பிராசஸ் மானிட்டர் கருவியின் பதிவை இணைத்துள்ளோம், பாருங்கள். பில்டைச் செய்யும் கம்பைலர் ஒரு சிறு கோப்பைத் திறந்த மறுகணமே உங்கள் ஆன்டிவைரஸின் சர்வீஸும் (பின்னணியில் ஓடும் நிரல்) அதைத் திறந்து கடைசிவரை படிக்கிறது. அது முடியும்வரை கம்பைலர் காத்து நிற்கிறது. ஒரு கோப்புக்குச் சில மில்லிசெகண்டுதான். ஆனால் ஒரு பில்டில் ஆயிரக்கணக்கான கோப்புகள் திறந்து மூடப்படுகின்றன. ஜார் கோப்புகள் (ஜாவா நிரல் தொகுப்புகள்) உள்ளுக்குள் ஜிப் என்பதால், அவற்றைப் பிரித்துப் பார்க்க இன்னும் நேரம் பிடிக்கிறது.

இதற்காகத்தான் விலக்குப் பட்டியல். அதிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. கணக்கு மென்பொருளின் தரவு சர்வரில் உள்ளது. ஊழியர்களின் கணினியில் அது இசட் டிரைவாகத் தெரியும். அந்த டிரைவ் எழுத்தோடு பாதையைக் கொடுத்தால் உங்கள் கன்சோல் (நிர்வாகத் திரை) மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் விலக்கு நடப்பதில்லை. மேப் செய்த டிரைவ் அந்தந்த ஊழியரின் லாகினுக்கு மட்டுமே உரியது. உங்கள் சர்வீஸோ விண்டோஸின் 'சிஸ்டம்' பயனர் கணக்கில் ஓடுகிறது, அதற்கு இசட் என்ற டிரைவே கிடையாது. சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்த பிறகுதான் வேகம் திரும்பியது. இதைக் கன்சோல் ஒரு வரியில் எச்சரித்திருக்கலாம். உதவிப் பக்கத்திலாவது எழுதியிருக்கலாம். கைவசம் இருந்த அந்தத் தீர்வும் அடுத்த அப்டேட்டோடு போயிற்று: பட்டியல் முழுவதும் அழிந்து பழைய நிலைக்கு வந்துவிட்டது.

சர்வரில் இது வெறும் வேகக் குறைவோடு நிற்காது. டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் தொடங்கும் நேரத்தில் அதன் எம்டிஎஃப் (தரவு) அல்லது எல்டிஎஃப் (பரிவர்த்தனைப் பதிவு) கோப்பை ஆன்டிவைரஸ் பிடித்து வைத்திருந்தால், டேட்டாபேஸைத் திறக்க முடியாமல் அதைச் 'சஸ்பெக்ட்' (பழுதாகியிருக்கலாம்) என்று குறித்துவிட வாய்ப்புண்டு. இந்தக் கோப்புகளை ஸ்கேனிலிருந்து விலக்கச் சொல்லி மைக்ரோசாஃப்டே வழிகாட்டியிருக்கிறது. அந்த விலக்கைச் சொல்லாமல் கொள்ளாமல் அழிக்கும் அப்டேட்டை எப்படி நம்புவது?

"முழு டிரைவையே விலக்கிவிடுங்கள்" என்ற உங்கள் இன்னொரு யோசனையையும் ஏற்க மாட்டோம். அதிலுள்ள டவுன்லோட்ஸ், டெம்ப் ஃபோல்டர்களையும் சேர்த்து விலக்குவது வைரஸுக்குக் கதவைத் திறந்து விடுவதுதான். எங்களுக்குத் தேவை பிராசஸ் விலக்கு: குறிப்பிட்ட கம்பைலர் திறக்கும் கோப்புகளை மட்டும் விட்டுவிட்டு, அதே கோப்புகளை வேறு எது தொட்டாலும் சோதிக்க வேண்டும். அதுவும் நிரலின் முழுப் பாதையோடு இருக்க வேண்டும். பெயர் மட்டும் போதும் என்றால், அதே பெயரை வைத்துக்கொண்டு ஒரு வைரஸ் தப்பிவிடக்கூடும். இப்போது உங்கள் கன்சோல் பெயரை மட்டுமே கேட்கிறது.

ஆகவே, அப்டேட்டுக்குப் பிறகும் விலக்குப் பட்டியல் அப்படியே இருக்க வேண்டும். மாற்றம் ஏதும் நேர்ந்தால் நிர்வாகிக்கு அறிவிப்பு வர வேண்டும். பிராசஸ் விலக்கில் முழுப் பாதை கொடுக்க வழி வேண்டும். எந்தக் கோப்பைச் சோதிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்ற பதிவையும் தாருங்கள். மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் அதற்கான வசதி ஏற்கெனவே இருக்கிறது. முழு ஸ்கேன் கணினி சும்மா இருக்கும்போது மட்டும் ஓடட்டும்.

உதவி மையத்தின் ஆயத்த பதில் வேண்டாம். இணைத்துள்ள பதிவைப் படித்த பொறியாளர் ஒருவரின் எழுத்துப்பூர்வமான பதில் 15 நாட்களுக்குள் வேண்டும். சரிசெய்ய இயலாது என்றால், மீதமுள்ள சந்தாக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தரக் கோருகிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: பிராசஸ் மானிட்டர் பதிவு, அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த விலக்குப் பட்டியல் ஸ்கிரீன்ஷாட்.