குகை அங்கன்வாடிக்கு ஒரு மணல்குழி: நன்கொடை வேண்டுகோள்

சேலம் குகைப் பகுதியில் இருப்பவர்களுக்கும், இங்கே பிறந்து வெளியூர் போய்விட்டவர்களுக்கும் வணக்கம்.

நம் அங்கன்வாடிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒன்றரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. அதைச் சின்னப் பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்ற, பெற்றோர் சிலரும் தறிக்காரர்கள் சிலரும் சேர்ந்து குழு போட்டிருக்கிறோம். அனுமதி வாங்கியாயிற்று. இனி பணம்தான்.

வசூலுக்குப் போன முதல் நாளே ஒரு பெரியவர் மடக்கினார்: "படிக்க வைக்கக் காசு கேளுங்க, தர்றேன். வெளையாடறதுக்குமா வசூல்?"

அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்களில் ஒருவரின் மகளுக்கு மூன்று வயது. அவள் போகும் நர்சரியில் தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைப் பிடித்தாலே அழுகை. சோம்பேறித்தனம் என்றுதான் வீட்டில் நினைத்தோம். கை இன்னும் தயாராகவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு; பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடியப் பத்து, பன்னிரண்டு வயதாகிவிடும். மூன்று வயதுக் கைக்கு முதலில் வேண்டியது பிசைவதும் அள்ளுவதும் உருட்டுவதும்தான். எழுத்து அப்புறம்தான்.

அந்தப் பெரியவரிடம் மறுபடி போனோம். "அய்யா, உங்க தாத்தா எதுல எழுதப் படிச்சாரு?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி தொடங்கியதே மணலில்தானே, விரலால். 1939இல் சென்னைக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகிய பிறகுதான் எழுத விட்டார். பெரியவர் 2,000 ரூபாய் கொடுத்தார். ரசீது எண் 1 அவருடையது.

கிச்சுகிச்சுத் தாம்பாளம் ஞாபகம் இருக்கிறதா? மணலை நீளமாக வரப்புபோலக் குவித்து, துண்டுக்குச்சியை ஒருவர் ஒளித்துவைக்க, மற்றவர் இரண்டு கையையும் கோத்துப் பொத்தி 'இங்கேதான்' என்று சொல்ல வேண்டும். எதிராளியின் முகத்தைப் படிக்கணும், தன் முறை வரும்வரை பொறுக்கணும், தோற்றாலும் எழுந்து ஓடாமல் உட்காரணும். இதையெல்லாம் எந்த நோட்டில் எழுதவைத்துச் சொல்லித்தர முடியும்? ஆனால் அதை விளையாட மணல் வேண்டுமே. நம் தெருக்களில் மணல் இல்லை, சிமெண்டும் பைக்கும்தான். வீட்டுக்குள்ளே விடலாம் என்றால் கைத்தறி வீட்டில் தறிக்குழி, விசைத்தறி வீட்டில் ஓடுகிற பெல்ட். பாவு அறுந்தால் அம்மா எழுந்து போகவேண்டும். கடைசியில் பிள்ளை கையில் செல்போன். யாரையும் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

இடம் மட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ஆடியில், சாமி வேடம் போட்டு வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை முடிந்த மறுவாரம் அங்கன்வாடிக்கு வந்து பாருங்கள். நூல் தீர்ந்த அட்டைக் கோனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் முருகன், ஒருத்தி காளி. தண்ணீர்க் குடத்தை உருட்டிவந்தால் அது வண்டி. போன ஆடியில் யார் சாமி, யார் வண்டி தள்ளுவது என்று அரைமணி நேரம் பஞ்சாயத்து நடந்தது. வீட்டில் வாயே திறக்காத ஒரு பையன்தான் அதில் நாட்டாமை.

செலவு மொத்தம் 1,60,000 ரூபாய். பாதிக்குமேல் மணலுக்கும் அதைச் சுற்றி எழுப்பும் குட்டைச் சுவருக்கும் போகிறது. எம்-சாண்ட் முனை கூர்மை, பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. சலித்து அலசிய ஆற்று மணல், பில்லோடு வாங்குகிறோம். இரண்டு டயர் ஊஞ்சல், தாழ்வாக. விழுந்தால் அடிபடாமலிருக்க அதன் கீழேயும் ஓரடி ஆழத்துக்கு மணல். இரவில் பூனை அசிங்கம் செய்யாமல் மூட ஒரு வலை. ஒரு குழாய், ஈரமில்லாத மணலில் வீடு நிற்காது.

சறுக்குமரம் கிடையாது. போன வருடம் பழைய தகரச் சறுக்குமரம் ஒன்றை வாங்கி வெட்டவெளியில் நட்டோம். சித்திரை வெயிலில் அது தோசைக்கல்லாகக் காய்ந்து ஒரு குழந்தைக்குத் தொடை கொப்பளித்துவிட்டது. நட்டவர்கள் நாங்கள்தான், தப்பும் எங்களுடையதுதான். அதனால்தான் இந்த முறை எல்லாமே மரத்தடியில்.

இதுவரை சேர்ந்தது 58,500. ஆடிக்கு முன்னால் வேலையை முடிக்க ஆசை. நூறு ரூபாயும் பெரிய காசுதான். மாலை நான்கு மணிக்குமேல் அங்கன்வாடி வாசலில் குழுவினர் இருப்போம், கையோடு ரசீது உண்டு. வங்கிக் கணக்கு விவரம் அங்கேயே ஒட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வீட்டாரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். வரவு செலவை மாதாமாதம் அதே சுவரில் ஒட்டுவோம்.

பணமில்லாவிட்டால் கொத்தனார், தச்சர் ஒருநாள் கூலியை விட்டுக்கொடுங்கள். கொட்டாங்குச்சி, பழைய கரண்டி, ஓட்டைச் சல்லடை எல்லாம் வேண்டும். முனை இரும்பைக் கழற்றிய பழைய தறிநாடாவும் ஆகும். புளியங்கொட்டை, சோழி மட்டும் இப்போதைக்கு வேண்டாம், சின்னதுகள் வாயில் போட்டுக்கொள்ளும். காலிக் கோன் வைத்திருப்பவர்கள் சாக்கில் கட்டித் தறிக்கூட வாசலில் வைத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விளையாட்டு இடக் குழுவினர்,
குகை, சேலம்