கட்டு அவிழ்ந்த கிழமையில் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கடந்த வியாழக்கிழமை என் இடது காலின் பிளாஸ்டர் கட்டு கடைசித் தடவையாக வெட்டி அகற்றப்பட்டது. இரண்டு பாதங்களுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு 2 பாகை செல்சியசுக்குக் கீழே வந்து அப்படியே நிலைத்திருப்பதையும், எலும்புகள் பொருந்திவிட்டதை எக்ஸ்ரேயிலும் பார்த்த பிறகே வைத்தியர் அதற்குச் சம்மதித்தார். நீரிழிவால் நரம்பு கெட்டு உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்பும் மூட்டும் அழிந்துபோகும் ‘சார்க்கோ பாதம்’ என்ற நோய்தான் எனக்கு வந்திருந்தது. வீங்கிச் சிவந்து சுட்டுக்கொண்டிருந்த காலை, பெரிதாக நோகவில்லையே என்று வாதக்கணக்கில் சேர்த்து, நான் ஆறு கிழமை நடந்து திரிந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்த மடல் முதலில் கிளிநொச்சிச் சந்தையடியில் செருப்புத் தைக்கும் ஐயாவுக்கு உரியது.

முழங்கால்வரை கட்டிய கட்டும் அதன் அடியில் வைத்த மிதியும் சேர்ந்து இடது காலைப் பெருவிரல் அகலத்துக்கு மேல் உயர்த்திவிட்டிருந்தன. மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் செருப்பு வேண்டும், இல்லாவிட்டால் இடுப்புச் சரிந்து விழ நேரும், உணர்ச்சி குறைந்த வலது பாதமும் சுமை தாங்காமல் அதே வழியில் உடையக்கூடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அப்படியொரு ஒற்றைச் செருப்பு எந்தக் கடையிலும் இல்லை. முச்சக்கரவண்டியில் இருந்தபடியே நான் விசாரித்ததைக் கண்டு, ஐயா தம் சாக்கை விட்டெழுந்து வந்தார். என்னை மதிலைப் பிடித்து நிற்கச் செய்து, பழைய பத்திரிகைகளை மடித்து மடித்து வலது பாதத்தின் கீழ் வைத்து, என் இரு தோள்களும் ஒரு மட்டத்துக்கு வரும்வரை எட்ட நின்று பார்த்தார். பிறகு அந்தத் தாளடுக்கை நகத்தால் அளந்து, றப்பரை இரண்டு தட்டாக வெட்டி ஒட்டி, ஓரம் தடுக்காதபடி சீவித் தந்தார். இந்த அளவெடுப்பு எங்கே பழகியது என்று கேட்டேன்.

“செல்லிலயும் மிதிவெடியிலயும் கால் போன ஆக்களுக்கு வெட்டிப் பழகின கை, ரீச்சர். இருக்கிற காலுக்கு வெட்டுறது எனக்கு ஒரு சந்தோசம்.”

வீக்கம் வற்ற வற்றக் கட்டைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தடிப்பு மாறியது. ஏழு மாதத்தில் ஐந்து முறை அவர் அந்தச் செருப்பைத் திருத்தினார். காசு நீட்டியபோதெல்லாம், “வேலை இன்னும் முடியேல்லை, முடிஞ்சாப் பாப்பம்” என்பதே பதில்.

யாழ்ப்பாணத்தில் கட்டுப்போட்ட கைகளுக்கும், ஏ9 வீதியில் என்னை ஏற்றி இறக்கிய தம்பிக்கும், கிணற்றடிக்குப் போகவிடாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்த அயலவருக்கும், என் பாடவேளைகளைப் பங்கிட்டுக்கொண்ட ஆசிரியர்களுக்கும், குரக்கன் பிட்டு அவித்துத் தந்த அக்காவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

சரித்திரம் படிப்பிப்பவள் என்பதால் நோயின் சரித்திரத்தையும் தேடினேன். நரம்பு கெட்டவர்களின் மூட்டு இப்படி அழிவதை 1868ஆம் ஆண்டில் விவரித்த பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோவின் பெயரே இதற்கு நிலைத்திருக்கிறது. நீரிழிவோடு அது தொடர்புபடுத்தப்பட்டது 1936இல்தான். இனி நாள்தோறும் காலையில் புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு, ஒன்று மற்றதைவிடச் சுடுகிறதா என்று பார்த்த பிறகே தேநீர் குடிப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.

கட்டு அவிழ்ந்ததைக் காட்டப் போன வெள்ளிக்கிழமைதான் ஐயாவுக்கும் சீனி வருத்தம் பல வருடமாக இருப்பது தெரியவந்தது. அவருடைய உள்ளங்காலில் ஓர் ஆணி குத்திய காயம் இருந்தது; எப்போது குத்தியதென்று அவருக்கே தெரியவில்லை. ஆகவே வரும் புதன்கிழமை கிளினிக்குக்கு அவரை நான் கூட்டிச் செல்கிறேன். அன்று மத்தியானம்வரை சந்தையடியில் செருப்புத் தைக்க ஆள் இராது; வாடிக்கையாளர்கள் தயவுசெய்து பொறுத்தருள்க.

நன்றியுடன்,
வட்டக்கச்சியிலிருந்து ஓர் ஆசிரியை