ஆறு மூடியிருக்கும் மாதங்களில் படிக்க

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு புத்தகப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும். கதவைத் தட்டினால் எழுந்து போய்த் திற. போன தடவை ஆள் இல்லை என்று திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். நீ உள்ளேதான் இருந்தாய் என்று அப்புறம் தெரிந்தது.

உங்கள் ஆற்றில் இந்தப் பருவத்துக்கு மீன்பிடி முடிந்துவிட்டது என்று அண்ணன்தான் சொன்னான். கடைசி நாள் பிடித்த டிரவுட்டின் படமும் அவன் போனில்தான் பார்த்தேன். நல்ல மீன். தண்ணீருக்குள் வைத்தபடியே தூண்டில் முள்ளை எடுத்து விட்டிருக்கிறாய், கை நனைந்திருந்தது. அதைப் பார்த்து எவ்வளவு நேரம் சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கலாம்.

இனி வசந்தம் வரைக்கும் உனக்குச் சனி ஞாயிறு வெறுமையாகக் கிடக்கும். அதற்குத்தான் இந்தப் புத்தகங்கள். எல்லாம் தூண்டில் பிடித்தவர்கள் எழுதியது. பகலில் படி. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, திரையை விலக்கிவிட்டுப் படி. ராத்திரி படுக்கையில் வைத்துப் படிக்காதே, அது பழையபடி தூக்கத்தைக் கெடுக்கும்.

முதலில் ரோடரிக் ஹெய்க்-பிரவுனை எடு. கனடாவில் கேம்ப்பெல் ஆற்றங்கரையில் குடியிருந்து, அங்கேயே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தவர். ‘எ ரிவர் நெவர் ஸ்லீப்ஸ்’ 1946இல் வந்தது. ஜனவரியில் தொடங்கி டிசம்பர் வரை மாதம் மாதமாகப் போகும். அதை ஒரே மூச்சில் முடிக்காதே. அந்தந்த மாதம் வரும்போது அந்தந்தப் பகுதியைப் படி. குளிரில் விறைத்த கையோடு, கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் டிரவுட்டுக்காக ஆற்றில் இறங்கி நிற்கிற மனிதரை ஜனவரியில் படித்தால்தான் உடம்பில் ஏறும். அவருடைய இன்னொன்று ‘ஃபிஷர்மன்ஸ் விண்டர்’, 1954. வடக்கே குளிர் என்றால் தெற்கே கோடை அல்லவா? சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய் மீன் பிடித்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். ஆறு மூடிவிட்டது என்று அவர் அறைக்குள் முடங்கவில்லை என்பதைக் கவனி.

ஒவ்வொரு மாதமும் அந்தப் பகுதியைப் படித்ததும் எனக்கு நாலு வரி எழுது. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, அவ்வளவு போதும். என்னிடமும் அந்தப் புத்தகம் இருக்கிறது, நானும் கூடவே படிப்பேன்.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மாடி வேலை பாதியில் நிற்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன். சொல்ல மறந்துவிடப் போகிறேன்: ஏரி உறைந்துவிட்டது, ஓட்டை போட்டுப் பிடிக்கலாம் வா என்று யாராவது கூப்பிட்டால் யோசித்துப் போ. கண்ணாடி மாதிரித் தெளிந்த பனிக்கட்டி நாலு அங்குலமாவது இருந்தால்தான் ஆள் நடக்கலாம். வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதற்கு அதில் பாதி வலுதான். ஓடுகிற தண்ணீர் வந்து சேரும் இடத்தில் எவ்வளவு தடிமன் என்று நம்பவே கூடாது. நாலு பேரோடு போ. தனியாகப் போகாதே.

இரண்டாவது, ஹெமிங்வேயின் ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’. 1925இல் வந்த சிறுகதை. நிக் என்கிற பையன் ரயிலில் இருந்து இறங்குகிறான். ஊர் எரிந்து கிடக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கிறான், சமைத்துச் சாப்பிடுகிறான், காலையில் வெட்டுக்கிளி பிடித்துப் புட்டியில் போட்டுக்கொண்டு டிரவுட் பிடிக்கப் போகிறான். கதை அவ்வளவுதான். அவன் போரிலிருந்து திரும்பியவன். ஆனால் போர் என்ற பேச்சே கதையில் ஓர் இடத்திலும் வராது. ஹெமிங்வேயே 1918இல் இத்தாலியில் குண்டடி பட்டவர். சொல்லாமல் எழுத வேண்டும் என்று தெரிந்தே எழுதினார். கூடார முளையை ஒவ்வொன்றாக அடிப்பதும், காபி போடுவதும், தூண்டில் நரம்பை நனைத்து முடிச்சிடுவதும் அந்தப் பையனுக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று படிக்கிறவருக்குத் தானாகப் புரியும். கடைசியில் ஆறு ஒரு சதுப்புக்குள் நுழைகிறது. இருட்டு, ஆழம், அங்கே மீன் கொக்கியில் மாட்டினால் வெளியே கொண்டுவருவது பாடு. நிக் அங்கே போகவில்லை. அதற்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று திரும்பிவிடுகிறான்.

இதை நீ இரண்டு தடவை படிக்க வேண்டும். பகலில்.

உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. சதுப்புக்குள் இப்போதே இறங்கு என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கமாட்டேன். கூடாரத்தையாவது ஒழுங்காக அடித்திருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ கனமான பதிப்பாகக் கிடைத்தது. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்டபோது அறுபதைத் தொட்டிருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்தும் அவர் நாடு இங்கிலாந்து சிதறிக் கிடந்த நேரம். அவரோ இரண்டு பேரை ஆற்றோரமாக நடக்கவிட்டுப் பேச வைத்தார். 1676இல் சார்லஸ் காட்டன் என்ற இளைய நண்பர் இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தார். இறகும் நூலும் வைத்து, மீனை ஏமாற்றப் பொய் ஈ கட்டுகிற உனக்கு அந்தப் பாகம்தான் அதிகம் உதவும். வால்டனின் மீன் விவரங்களில் இன்றைக்குச் செல்லாதவை உண்டு, தாண்டிப் போ. பேச்சுத்தான் அந்தப் புத்தகத்தின் உயிர். ஒருவர் சொல்வதை இன்னொருவர் நிதானமாகக் கேட்கிறார்.

அதற்கும் முந்தியது 1496இல் அச்சான சிறிய நூல், ‘எ ட்ரீட்டிஸ் ஆஃப் ஃபிஷிங் வித் அன் ஆங்கிள்’. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியதாகக் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பெண் பிள்ளைக்கு எதற்குத் தூண்டில் என்று பெரியத்தை கேட்டபோது எனக்கு இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களை மாதவாரியாகச் சொல்கிறது. பேராசையோடு மீனை அள்ளாதே என்கிறது. மனம் மலர்ந்திருந்தால் ஆயுளும் மலரும் என்ற சாலமோன் வாக்கில் தொடங்கி, வைத்தியர் இல்லாதவனுக்கு மகிழ்ச்சியான நினைப்பு, மிஞ்சாத உழைப்பு, அளவான சாப்பாடு என்று மூன்றைச் சொல்கிறது. வைத்தியர் இருந்தால் அவரிடமும் போக வேண்டும். போன குளிர்காலத்தில் நீ பார்த்தவரிடம் இப்போதும் போகிறாயா?

அடுத்த புத்தகத்தைப் பெட்டியில் வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தேன். நார்மன் மெக்லீனின் ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’. பாதிரியாரான அப்பா இரண்டு பையன்களுக்கும் மெட்ரோனோம் என்கிற தாளக் கருவியை வைத்து, நாலு எண்ணிக்கைத் தாளத்தில் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கிறார். வீசுவதைப் பற்றி இதைவிட நன்றாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. இரண்டாவது மகன் பால்தான் அந்த ஆற்றிலேயே பெரிய கை. ஆனால் தண்ணீரை விட்டுக் கரையேறினால் அவனை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அண்ணனும் அப்பாவும் உதவத்தான் நினைக்கிறார்கள். எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை, கொடுத்தாலும் அவன் வாங்கிக்கொள்வதில்லை. நிஜத்தில் மெக்லீனின் அந்தத் தம்பி கொல்லப்பட்டது 1938இல். மெக்லீன் புத்தகத்தை வெளியிட்டது 1976இல், எழுபத்து மூன்று வயதில். மனதில் இருந்ததைச் சொல்ல அவருக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நீயும் எதையும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். ஆனால் அத்தனை வருஷம் என் கையில் இல்லை, பாப்பா.

அதைக் கடைசியாகப் படி. மனம் சரியில்லாத நாளில் தொடாதே.

ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ பள்ளியிலேயே படித்துவிட்டாய், அப்போது சுறாக்கள்தான் உனக்கு முக்கியம். 84 நாள் மீனே கிடைக்காத கிழவர் பெரிய மீனோடு நடுக்கடலில் மல்லுக்கட்டும்போது, அந்தப் பையன் கூட இருந்திருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். உதவிக்கு ஆள் வேண்டும் என்பது ஒன்று, பேச்சுக்கு ஆள் வேண்டும் என்பது இன்னொன்று. இந்தத் தடவை அந்த இடங்களைப் பார்.

தகழியின் ‘செம்மீ’னையும் வைத்திருந்தேன், சுந்தர ராமசாமியின் தமிழில். அம்மா எடுத்து வெளியே வைத்துவிட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியும். நான் வாதாடவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டால் எனக்கு நிம்மதி இராது. போன குளிர்காலம் போலவே இந்தத் தடவையும் ஆரம்பித்துவிட்டதா? விளக்கம் வேண்டாம். ஆமாம் என்றால் ஆமாம் என்று ஒரே ஒரு சொல் அனுப்பு. நான் கிளம்பி வருகிறேன். எதுவும் கேட்க மாட்டேன். நீ உன் மேசையில் ஈ கட்டு, நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். இல்லை என்றால் அதையும் எழுது, இங்கே இரண்டு பேரும் தூங்குவோம்.

உன் அப்பா

பி.கு: வால்டன் பதிப்பின் முதுகு கொஞ்சம் விட்டிருக்கிறது. முழுக்க விரிக்காமல் படி. பெட்டி வந்ததும் அண்ணனிடம் சொல்லாதே, என்னிடம் சொல்.