மருந்து அடிப்பதற்கு முன்னால்

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய படங்களை அப்பா போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். அவரைக் கொடி நுனியில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினி, கத்தரியில் தலை சாய்ந்த கொழுந்து, பாகற்காயில் ஓட்டை, பப்பாளியில் வெள்ளையாக மாவுப்பூச்சி. மாடியில் தோட்டம் போட்ட முதல் வருஷத்திலேயே ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், அடுப்பில் ஏதாவது தீயும், பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

என்ன மருந்து அடிப்பது என்று கேட்டிருந்தாய். இந்த வாரம் எதுவும் அடிக்காதே.

மூன்றாவது படத்தை எடுத்துப் பார். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் கறுப்பாக, நீளமாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஒரு புழு இருக்கிறது. "இதையும் நசுக்கிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அது பொறிவண்டின் புழு, கண்ணு. பார்க்கக் குட்டி முதலை மாதிரி இருக்கும், அதனால் எல்லாரும் அதைத்தான் முதலில் கொல்கிறார்கள். ஒரு புழு வண்டாக மாறுவதற்குள் நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்றுவிடும். அதன் முட்டை இலையின் அடியில் மஞ்சளாக, ஒவ்வொன்றும் நிமிர்ந்து, கொத்தாக இருக்கும். அதைத் துடைத்துவிடாதே. அசுவினிகளுக்கு நடுவே சில மட்டும் பழுப்பு நிறத்தில் உப்பிக் காய்ந்துபோய், முதுகில் வட்டமாகத் துளையோடு இருந்தால் இன்னும் நல்லது. மிகச் சின்னக் குளவி ஒன்று அதன் உடம்புக்குள் முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்து, துளை போட்டு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். இப்படி நாலைந்து கண்ணில் பட்டாலே உன் வேலையை வேறு யாரோ செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

அசுவினி வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் இவர்களெல்லாம் வருவார்கள். சாப்பாடு இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? அந்த இடைவெளியில் பொறுமை இழந்து எதையாவது அடித்தால் வந்தவர்களும் சேர்ந்து சாவார்கள். அசுவினி மட்டும் சீக்கிரம் பெருகித் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அது ஆண் துணைகூட இல்லாமல் குட்டி போடுகிற ஜாதி.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சு. மிக மோசமான நுனியைக் கிள்ளி எறி. அப்புறம் எறும்பைக் கவனி. அசுவினி கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை நெருங்க விடாது. தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, அந்தச் செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வை. கொடியோ இலையோ சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த வழியாக ஏறிவிடும். இன்னொன்று, கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாரா வாரம் ஊற்றுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். குறைத்துக்கொள். தழைச்சத்து ஏற ஏற கொழுந்து சாறு கட்டி மெத்தென்று ஆகும். அசுவினிக்கு அதுதான் வேண்டும்.

இரண்டு வாரம் பார்த்தும் அடங்கவில்லை என்றால் வேப்ப எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். முதலில் எண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசலைக் கலந்து, பால் மாதிரி வெளுத்ததும் தண்ணீரில் ஊற்று. அப்படியே ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும், ஒரு இலைக்கு ஒன்றும் கிடைக்காது, இன்னொரு இலை கருகும். வெயில் தாழ்ந்தபிறகு அடி. வெயிலில் வேம்பின் சத்து சீக்கிரம் சிதைந்துபோகும், தேனீக்களும் அந்த நேரத்தில் கூட்டுக்குப் போயிருக்கும். அடித்த மறுநாளே செத்து விழுந்ததா என்று பார்க்காதே. வேம்பு பூச்சிக்குத் தீனி மேல் வெறுப்பு வரச் செய்யும், தோல் உரிக்க விடாது. பலன் தெரிய ஒரு வாரம் ஆகும்.

கத்தரிக்கு இதெல்லாம் உதவாது. தலை சாய்ந்த கொழுந்துக்குள் புழு உட்கார்ந்திருக்கிறது, எந்தக் கரைசலும் உள்ளே எட்டாது. வாடின இடத்துக்கு இரண்டு விரல் கீழே நறுக்கிப் பிளந்து பார், இளஞ்சிவப்பாக ஒன்று நெளியும். அதை நசுக்கு, தாராளமாக நசுக்கு. நறுக்கியதை உரக்குழியில் போடாதே. கத்தரி அழகாகப் பக்கக்கிளை விடும், பயப்பட வேண்டாம்.

பாகற்காயில் இருப்பது பழ ஈயின் வேலை. பிஞ்சு விரல் அளவு இருக்கும்போதே செய்தித்தாளில் உறை செய்து மாட்டிவிடு. சொத்தைக் காயைத் தொட்டி மண்ணில் விட்டுவைக்காதே, புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாகத் திரும்பி வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி நாலு நாள் வெயிலில் போடு. பொறி வாங்குவதானால் கேட்டு வாங்கு. பழ ஈப் பொறி என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் மாம்பழ ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினாலைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். பாகல், பீர்க்கு, புடலைக்கு வரும் ஈக்கு க்யூ லூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். இரண்டிலுமே ஆண் ஈதான் விழும், அதனால் உறையையும் விட்டுவிடாதே.

பப்பாளியை வெட்டிவிடலாமா என்று உன் மாமியார் கேட்டாராமே. வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அவருக்கே நினைவிருக்கும், 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே உங்கள் கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. கடுமையான மருந்தெல்லாம் அடித்தார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக இறங்காது, அடித்த வேகத்தில் திரும்பி வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. அதை அங்கே அடக்கி வைத்திருந்த எதிரி அப்போது இங்கே இல்லை. 2010இல் இங்கே ஹெப்பாளில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. தனிமையில் வைத்து, மற்ற பூச்சிகளுக்குக் கெடுதல் வராது என்று சோதித்தபிறகுதான் வெளியே விட்டார்கள். உங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. மூன்றில் அசெரோஃபேகஸ் என்ற ஒன்று நன்றாக வேரூன்றிவிட்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சில மாதங்களில் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. ஏர்போர்ட் பஸ்ஸில் பெல்லாரி ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா அந்தப் பக்கம் கை காட்டி இதைச் சொல்லாமல் விடமாட்டார், எத்தனை தடவை கேட்டிருப்பாய்! அந்தக் குளவியின் வம்சம் உங்கள் தெருவிலும் இருக்கும். அதனால் மிக மோசமான இலைகளை மட்டும் எடு, மற்றதைத் தண்ணீரால் பீய்ச்சு, எறும்பைத் தடு.

தக்காளி வைக்கும்போது நடுவில் செண்டுமல்லி வை. ஹெசரகட்டா தோட்டக்கலை நிறுவனத்தின் கணக்குப்படி 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை செண்டுமல்லி. 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றைச் சேர்த்து நட வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய் பூவைத் தேடி அங்கே முட்டையிடும். மாடிக்கு நாலு தொட்டியில் வைத்தால் போதும், பூஜைக்கும் ஆச்சு.

புகையிலைக் கஷாயம் மட்டும் வேண்டாம். யாரோ பெரியவர் சொன்னாராம், இயற்கையானதாம். நிக்கோட்டினைவிட வேறென்ன விஷம் வேண்டும்? குழந்தை கை வைக்கிற தொட்டி. தக்காளிக்கும் மிளகாய்க்கும் புகையிலையிலிருந்து தேமல் நோய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் நல்லது கெட்டது பார்க்காது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள், அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்.

வெண்டையில் ஏதாவது செடியின் இலை நரம்பு மஞ்சளாக ஓடியிருந்தால் யோசிக்காமல் பிடுங்கிவிடு. அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ், மருந்து கிடையாது. படம் எதிலும் வெண்டை இல்லை, இலையின் அடிப்பக்கத்தைச் சேர்த்து இரண்டு படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பினால் நல்லது, அப்பா வீட்டில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா