ஆமோஸின் எச்சரிக்கை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைத் திருச்சபைகள் சிலவற்றின் வேதபாட வகுப்புகளில், தீர்க்கதரிசிகளின் எச்சரிக்கைகள் உலக முடிவைக் கணிக்கும் குறிப்புகளாகவே விளக்கப்படுவது வருத்தத்திற்குரியது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் இஸ்ரவேல் செழித்திருந்தபோது, அண்டை நாடான யூதாவின் தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தும் காட்டத்திப் பழம் பொறுக்கியும் பிழைத்த, வேதாகமத் தீர்க்கதரிசியான ஆமோஸ் கண்டித்தது, மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமைப் பதரையும் காசாக்கி, ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விலைபேசியவர்களைத்தான். கீழமாசி வீதியில் மூட்டைக்கணக்கில் சரக்கெடுத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இஸ்ரவேலின் வழிபாட்டுத் தலமான பெத்தேலிலிருந்து அவரை விரட்டியவன் ஆசாரியனாகிய அமத்சியா என்பதைப் போதகர்கள் ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

நியாயம் இல்லாத இடத்தில் பண்டிகையும் பாட்டும் வேண்டாம் என்ற அவரது வாக்கை, புதிய ஒலிபெருக்கிக்கு நன்கொடை திரட்டும் சபைகள், ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணுக்குத் தரும் மாதச் சம்பளத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்ப்பவர்கள் இருமுறை வாசிக்கட்டும்.

1969 முதல் அரசரடியில் இயங்கிவரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர்களை அழைத்து, ஆமோஸின் ஒன்பது அதிகாரங்களையும் வரிசையாகப் படிக்கும் வகுப்புகளை வரும் தவக்காலத்திலேனும் சபைகள் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சபை உறுப்பினர் ஒருவர்,
பசுமலை, மதுரை.